பீஸ் கட்டையும் ஒரு டூப்ளிகேட் ஜாய்ஸ்டிக்கும்

எங்கள் வீட்டு டிவியில் மனிதர்கள் முழு உயரத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும். தறி ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். படம் நாலு பக்கமும் சுருங்கும், செய்தி வாசிக்கிற அம்மாள் குள்ளமாகிவிடுவார். கருமத்தம்பட்டியில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை என்பதால் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். எட்டு விசைத்தறிகள். நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சத்தம் நின்றால்தான் எனக்கு என்னவோ ஏதோ என்று இருக்கும்.

ஏழாம் வகுப்புக் காலாண்டு லீவு அது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். கூடப் பெரியப்பாவும் அவர்கள் மகனும். பெரியப்பாவின் சொந்த ஊரான பவானிக்கு நோம்பி கொண்டாடப் போகிறார்கள், போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு காபி. அந்த அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் மடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் டிவி கேம்.

பவானி வீட்டில் பத்துப் பிள்ளைகள் கூடுவார்கள், ஆளுக்கொரு பக்கம் இழுத்து உடைத்துவிடுவார்கள் என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். அதனால் சனிக்கிழமை அவர்கள் திரும்பி வரும்வரை அது எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. 'நீ வேணா வெளையாடிக்க' என்று அண்ணன் பெரிய மனது பண்ணிச் சொன்னான். பெரியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"இவ கையில குடுத்தா உருப்படியாத் திரும்பி வருமா?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டார்.

அம்மா தன் அக்காவுக்கு எதிரே வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா சொன்னால் சேலை நிறத்தைக்கூட மாற்றுவார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "எம்புள்ள அப்பிடிப்பட்டதில்லீங்க்கா. குடுத்தது குடுத்தாப்புல இருக்கும், நீங்க வந்து பாருங்" என்றார். பெரியம்மா உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் அந்தச் சொல் என் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

பூஜைக்காகத் தறிகளை அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். வோல்டேஜ் கொட்டியது. டிவி கேமில் ஒரு குட்டி மனிதன் ஓடுவான், பள்ளம் வந்தால் நான் பட்டனை அமுக்கித் தாண்ட வைக்க வேண்டும். அவனை ஆட்டுவிக்கிற கைப்பெட்டிக்கு ஜாய்ஸ்டிக் என்று பெயர். எங்கள் வாயில் அது ஜாஸ்டிக். ஜாய்ஸ்டிக் இரண்டு உண்டு. ஆட்டத்தைத் தொடங்குகிற பட்டன் முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான். அது இல்லையென்றால் மற்றது இருந்தும் பிரயோஜனமில்லை. மறுநாள் மத்தியானம்வரை சோறு தண்ணி இல்லாமல் விளையாடினேன்.

சாயங்காலம் குடோனில் பூஜை. தறிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, முன்னால் பலகை போட்டு, தறிக்குள் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா, கத்தரி, ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, சித்தப்பாவின் டெஸ்டர், என் ஜாமெட்ரி பாக்ஸ் என்று உழைக்கிற சாமான்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரண்டு நாளாக என் கையில் உழைத்தது ஜாய்ஸ்டிக்தானே. அதையும் கொண்டுபோய் வைத்தேன். சந்தனம் கரைத்தது நான்தான், தண்ணீர் கொஞ்சம் எச்சாகி நீர்த்துவிட்டது. அம்புக்குறிகள் நாலுக்கும் தனித்தனியாக நாலு பொட்டு, தாண்டுகிற பட்டனுக்கு ஒன்று, சுடுகிற பட்டனுக்கு ஒன்று. எதையும் விட்டுவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. ராத்திரி முழுக்க அந்தச் சந்தனத் தண்ணீர் பட்டன்களின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து அமுக்கினால் வலது அம்பு அமுங்கியது, எழவில்லை. தறி வீட்டில் எது அழுக்கானாலும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் வழக்கம். நாடாவோ பெல்ட்டோ சைக்கிள் செயினோ, எதுவானாலும் அதுதான் மருந்து. நானும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு ஓடி, பாட்டிலைத் திறந்து, பட்டன் இடுக்கில் தாராளமாக விட்டுத் துணியால் தேய்த்தேன். மேலே இருந்த தங்க நிற எழுத்து துணியோடு வந்துவிட்டது. மத்தியானம் பார்த்தபோது உள்ளே இருக்கிற ரப்பர் உப்பி, ஒரு பட்டன்கூட அசையவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

சித்தப்பாவிடம் போனேன். அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. குடோனில் நீளவாக்கு நூலான பாவைப் பிணைப்பார், தறி ஓட்டுவார், ஆனால் அவர் மனசெல்லாம் வயரில் இருந்தது. சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். ஜாய்ஸ்டிக்கை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"மண்ணெண்ணெயா?"

"ஆமாங் சித்தப்பா."

"அதுக்கு முன்னால?"

"சந்தனமுங்."

திட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லிப்போட்டியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. காத்தால எட்டு மணி பஸ்சுக்குக் கெளம்பு" என்றார். அப்பாவிடம், ஒரு ரிலே வாங்க வேண்டியிருக்கிறது, கோயமுத்தூர் போய்வருகிறேன், லீவுதானே, பாப்பாவையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கினார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசுவதே நூல், பாவு, துணி பீஸ் அவ்வளவுதான். அப்பா சொல்லுவார், சித்தப்பா 'செரிங்ணா' என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர்களுக்குள் ஓடி நான் கேட்டதில்லை.

காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கடைக்காரர் ஜாய்ஸ்டிக்கை ஸ்க்ரூ கழற்றித் திறந்தார். மூடிக்குள் காய்ந்த மஞ்சள் படலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இதுக்குச் சந்தனம் வெச்சீங்களா?"

"பூஜைங்க."

"தேங்கா ஒடைச்சீங்களா, அதையும் உட்டுட்டீங்களா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உப்பின ரப்பரை இடுக்கியால் தூக்கிக் காட்டி, இது ஆகாதுங்க என்று சொல்லிவிட்டார் அவர். ஒரிஜினல் தனியாக வராதாம், செட்டோடுதான் வருமாம். டூப்ளிகேட் இருக்கிறது, பின் ஒன்பதா பதினைந்தா என்று கேட்டார். சித்தப்பா ப்ளக்கை எண்ணி ஒன்பது என்றார். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்துப் போட்டார்.

அதே சாம்பல் நிறம், அதே அளவு. பெயரில்கூட ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் கையில் எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லாதது போல் லேசாக இருந்தது. போதாததற்கு இரண்டு சிவப்புப் பட்டன்கள் கூடுதலாக இருந்தன. டர்போவாம், அமுக்கிப் பிடித்தால் தானாகவே திரும்பத் திரும்ப அடிக்குமாம்.

"அண்ணன் கண்டுபுடிச்சிருவானுங்களே" என்றேன்.

"ரெண்டு பட்டன் கொறைஞ்சாத்தானே கேப்பான். சேத்தி இருந்தா எவன் கேக்கறான்" என்றார் சித்தப்பா.

கடையில் போட்டுப் பார்க்க முடியவில்லை. அந்தச் சந்தில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. "ஊட்ல போட்டுப் பாருங்க. இதுல பத்துக்கு ரெண்டு சொத்தையாத்தான் வருது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு பட்டன் மக்கர் பண்ணுனாலும் இன்னைக்குக் கொண்டாங்க, மாத்திக் குடுத்தர்றேன். ஏழு மணிக்குக் கடை சாத்திருவேன். நாளைக்கு லீவு, அப்புறம் இந்தச் சரக்கு எப்ப வரும்னே தெரியாது" என்றார். சித்தப்பா உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மேசை மேல் பிரித்துப் போட்டிருந்த ஒரு டேப்ரிக்கார்டரைக் காட்டி என்னவோ கேட்டார், கடைக்காரர் பதில் சொன்னார், இவர் டெஸ்டரை எடுத்து ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார், அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அரை மணி நேரம். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர் அங்கே பேசிய பேச்சைப் பார்க்க வேண்டுமே. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது மணி இரண்டு. தறிகள் எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தீபாவளிச் சரக்கு திங்கட்கிழமை ஏற்ற வேண்டும் என்று அப்பா காலையிலேயே ஓட்டத் தொடங்கியிருந்தார். டிவி கேமை மாட்டினோம். படம் சுருங்கியது, நடுங்கியது, உருண்டது. டிவி அடியில் இருந்த ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கும் எட்டாத வோல்டேஜ். டூப்ளிகேட்டை அமுக்கினேன். குட்டி மனிதன் நான் சொன்ன பக்கம் போகவில்லை. தானாகவே இடதுபக்கம் நடந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். வலதை அமுக்கினால் ஒரு சமயம் அசைந்தான், ஒரு சமயம் அசையவில்லை.

"ஜாஸ்டிக் சொத்தைங்களா?"

சித்தப்பா மோவாயைத் தடவினார். "சொத்தையா இருந்தாலும் இப்பிடித்தான் பண்ணும், வோல்டேஜ் இல்லீனாலும் இப்பிடித்தான் பண்ணும். தறி நின்னாத்தான் தெரியும். நாலு மணிக்கு டீக்கு நிறுத்துவாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம். சொத்தைன்னா நாலரை பஸ்சுக்கு நான் ஓடிப்போயி மாத்திட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் உங்கம்மா அவங்கள முறுக்கு, காபின்னு புடிச்சு வெச்சுக்குவாங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அம்மா உள்ளே முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார், அக்கா வருகிறார் என்று. நான் சமையலறைப் பக்கம் போனால், "எங்கக்கா வரட்டும், எம்புள்ளயே கையில எடுத்துக் குடுக்கும்னு சொல்றேன். மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு பாரு" என்றார். எத்தனை வருஷமாக அம்மா அப்படி ஒரு நிமிஷத்துக்குக் காத்திருந்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு அப்பா குடோன் வாசலில் வந்து நின்றார். "இன்னைக்கு டீக்குத் தறி நிக்கக் கூடாது. ஓட்டிக்கிட்டே குடிச்சுக்கணும்" என்றார். ஷிப்டில் இருந்த அக்கா, எங்களிடம் பல வருஷமாகத் தறி ஓட்டுகிறவர், முகம் சுண்டிப்போய் "செரிங்ணா" என்றார். எட்டுத் தறிக்கு அவர் ஒருத்திதான். அடுத்த மூச்சில் அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு, குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் தீரப்போகிறது, சோமனூர் போய் ஒரு மூட்டை எடுத்துவா என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணி ஆனது. டீ வந்தது. அந்த அக்கா டம்ளரைத் தூண் மேல் வைத்துவிட்டு அறுந்த இழையை முடியப் போனார். நாலே கால். தறிகள் நிற்கவில்லை. சித்தப்பா வந்தவுடனே ஓட வேண்டுமென்றால், அதற்குள் ஜாய்ஸ்டிக் சொத்தையா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பெரியம்மா முன்னால் மாட்டி, அந்த மனிதன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால், என் கதை இருக்கட்டும், அம்மா என்ன ஆவார்?

எனக்கு ஒன்று தெரியும். தறிக்கு வருவது மூன்று பேஸ் கரண்ட். மழைக்காலத்தில் லைனில் ஒரு பேஸ் போய்விடும். அப்போது தறிகள் எல்லாம் நின்றுவிடும், வீட்டுக்குத் தனி மீட்டர் என்பதால் பெரும்பாலும் வீட்டில் லைட் எரியும். 'ஒரு பேஸ் போயிருச்சு' என்று அப்பா திட்டிக்கொண்டே வெளியே வந்து உட்காருவார், பிறகு வந்துவிடும், மறுபடி ஓட்டுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. குடோன் தாழ்வாரத்து போர்டில் பீங்கான் ஃப்யூஸ், எங்கள் வாயில் பீஸ் கட்டைகள், மூன்று இருந்தன. பேஸுக்கு ஒன்று. ஒன்றைப் பிடுங்கினால் ஒரு பேஸ் போகும். நாலு நிமிஷம் போதும். திரும்ப மாட்டிவிட்டால் லைனில் போய்விட்டு வந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

எனக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. ஒரு பேஸ் போய் மற்ற இரண்டில் கரண்ட் இருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டே சூடேறிப் புகைந்துவிடும். அதற்காகவே சித்தப்பா போர்டில் ஒரு பெட்டி மாட்டியிருந்தார். லைனில் பேஸ் போனால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடும். நான் பார்த்த அத்தனை தடவையும் தறிகள் பத்திரமாக நின்றது அதனால்தான். நான் பிடுங்கிய கட்டை அந்தப் பெட்டியைத் தாண்டி, மோட்டார் பக்கம் இருந்தது. பெட்டிவரை மூன்று பேஸும் வந்துகொண்டுதான் இருந்தன. பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறினேன். கைக்கு எட்டிய கட்டையைப் பிடித்து இழுத்தேன். நீலமாக ஒரு பொறி பறந்தது. கட்டை சூடாக இருந்தது. அதைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். என் பின்னால் தறிச் சத்தம் அறுந்து, அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி வேறொரு சத்தம் எழுந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை.

டிவியில் படம் விரிந்து நின்றது. ஆட்டத்தைத் தொடங்கினேன். வலது, ஓடினான். இடது, திரும்பினான். தாண்டினான், சுட்டான், குனிந்தான். சொத்தையில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிமிஷமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. டர்போவையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். அவன் நிற்காமல் சுட்டுக்கொண்டே போனான், எதிரே வந்ததெல்லாம் வெடித்தது, நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ தீய்கிற நாற்றம் வந்த பிறகுதான் கையை எடுத்தேன். முறுக்குத்தான் கருகிவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

குடோனில் கடைசித் தறியின் மோட்டாரிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. அந்த அக்கா ஓடி ஓடி ஏழு தறிகளின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மூலையில் இருந்த எட்டாவதுக்கு வருவதற்குள் அது போய்விட்டது. அவருடைய டீ டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்தார். மோட்டாரைப் பார்த்தார். நேரே போர்டுக்குப் போனார். மூன்று கட்டையில் ஒன்று இல்லை. பொக்கை வாய் மாதிரி அந்த இடம் காலியாக இருந்தது.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"டீ குடிக்கறதுக்கோசரம் புடுங்குனியா?" என்று அந்த அக்காவைக் கேட்டார்.

"நானுங்களாண்ணா? நான் எதுக்குங்ணா அதைத் தொடப்போறேன். தறி மொனகவும்தான் பாத்தேன், ஓடியோடி அமத்துனேன்."

"பின்ன கட்டை நடந்து போச்சா? நிறுத்தாதன்னு சொன்னதுக்கு மூஞ்சியக் காட்டுனது நீதானே. உள்ள வேற ஆரு இருந்தா?"

அக்காவின் கண் சுற்றிச் சுற்றி வந்து என் மேல் நின்றது. பிறகு என் பாவாடைப் பைக்கு இறங்கியது. பை கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துவிட்டார், எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. முதலாளி மகளைக் காட்டிக்கொடுத்து அவர் அங்கே எப்படிப் பிழைப்பார். நான்தான் சொல்ல வேண்டும். பையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். 'கணக்கு முடிச்சுக்கிட்டு நீ' என்று அப்பா தொடங்கினார்.

அப்போது வாசலில் மொபெட் வந்து நின்றது. சித்தப்பா நூல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். புகையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், அழுகிற அக்காவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கக்கூட இல்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்ணா. நாந்தான் புடுங்குனேன்."

அப்பா அவரையே பார்த்தார். தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

"டிவி கேமுக்கு வோல்டேஜ் பத்தலீங்ணா."

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார்: "தறிய நிறுத்திப்போட்டு வயரு நோண்டறவனுக்குத் தறிக்குடோன் ஒத்து வராது. உனக்கு எது ஒத்து வருமோ அதைப் பாத்துக்க."

"செரிங்ணா" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான் பேச்சு. அப்பா அந்த அக்காவிடம், "போயி டீய வாங்கிக் குடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் யாரும் பார்க்காத நேரத்தில் பீஸ் கட்டையைத் தூணடியில் வைத்தேன்.

ஐந்தேகாலுக்குப் பெரியம்மா வந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு என்ன நாற்றம் என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க்கா, மோட்டார் ஒண்ணு போயிருச்சு" என்று சொன்ன அம்மா, தன் அக்காவிடம் எடுத்துக் காட்ட நினைத்திருந்த எதையும் காட்டவில்லை. டிவி கேம் பெட்டியை நானே தூக்கி அண்ணனிடம் கொடுத்தேன். அவன் திறந்தான். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். அதன் கனத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். பிறகு சிவப்புப் பட்டன்களைப் பார்த்தான். "டர்போ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, நாங்கள் மனதை மாற்றிக்கொள்வதற்குள் என்று அவசர அவசரமாகப் பெட்டியை மூடினான். பெரியம்மா முறுக்கைக் கடித்தபடி, "பரவால்லியே, பத்தரமாத்தான் வெச்சிருந்திருக்கறா" என்றார். அம்மா தலையாட்டினார். எதற்காக நான் இரண்டு நாள் செத்துச் செத்துப் பிழைத்தேனோ அது கடைசியில் நடந்தது, ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தன் தகரப்பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை மடித்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சித்தப்பா, நாந்தான்னு அப்பாகிட்ட சொல்லிரட்டுங்களா?"

அவர் கை நின்றது. திரும்பி என் தலையில் கைவைத்தார். "வேண்டாங் கண்ணு. இனி நீ எதாச்சும் சொல்லி, ஆனதையும் கெடுத்துப்போடாத. பொட்டாட்ட, சத்தங்காட்டாம இரு" என்றார்.

எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடி விழாமல் என்னைக் காப்பாற்றுவதற்காக வீட்டை விட்டே போகிறார் என்று நினைத்தேன். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீசியன் வேலைக்குச் சேர்ந்தார். நோம்பிக்கு நோம்பி வருவார், விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி ஒருநாள் இருந்துவிட்டுப் போய்விடுவார். சாப்பாட்டில் அவர் தட்டு இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். ஒரு கட்டையைப் பிடுங்கி ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிட்டேன் என்றே பல வருஷம் இருந்தேன். அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துபோனது. ஒரு மோட்டாருக்காகத் தம்பியைத் துரத்திய மனிதர் என்று அவர் மேல் எனக்கு ஆறாத கோபம்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மாவிடம் வாய் திறந்தேன். அன்றைக்குப் பீஸைப் பிடுங்கியது நான் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை.

"இதென்ன புதுசா. அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும்."

"அப்பாவுக்குமா?"

"சோமனூருக்கு நூலெடுக்க அனுப்புனதே அவருதானே கண்ணு. மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு அப்பத்தான் உள்ள வர்றான். அவன் எப்பிடிப் புடுங்கியிருப்பான்? உங்கப்பனுக்கு இதுகூடத் தெரியாதா?" அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "பெருந்துறையில இருந்து அவனுக்கு வேலைக்குக் கூப்புட்டு ரெண்டு மாசம் ஆச்சு. எங்கிட்டச் சொல்லிட்டான், அண்ணங்கிட்டச் சொல்ல வாயி வரல. ஒத்த ஆளா அவரு எப்பிடிச் சமாளிப்பாருன்னு அவனுக்கு. எப்படா கேப்பான்னு அவருக்கு. தம்பிக்கு மனசு இங்க இல்லீன்னு அவருக்குத் தெரியாதா, நானும் ஒருநா ஜாடையாச் சொல்லித்தான் இருந்தேன். ஆனா நீ போன்னு எப்பிடிச் சொல்றது? தொரத்தறாப்புல ஆயிருமல்ல. அன்னைக்கு அவன் பொய் சொல்லவும், இவரு புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் அப்பிடித்தான் பேசி முடிச்சாங்க."

அந்தத் திங்கட்கிழமை காலை நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாள். அவிநாசி ரோட்டுப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நான் போக வேண்டும் என்பதால் அவர்களோடே கிளம்பினேன். அப்பா தகரப்பெட்டியைத் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சித்தப்பா கேட்டும் கொடுக்கவில்லை. பஸ் வந்ததும் அவரே ஏறிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு இறங்கினார். என்ன அவசரம் பார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தப்பா ஜன்னல் வழியாக "வாரனுங்ணா" என்றார். பஸ் நகர்ந்து, சின்னதாகி, ரோட்டில் ஒன்றுமே இல்லாமல் ஆனது. அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்துவிடப் போகிறாரோ என்று காவல் நிற்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். "நேரமாச்சு கண்ணு, போலாமா?" என்று அவர் என் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்காமல் நான் முன்னால் நடந்துபோனேன்.